‘ஆட்டிட்யூட் சரியில்ல’ங்கிறீங்களே, அந்தப் பொண்ணு அப்படி என்னதான் பண்ணுச்சு?

நீட் கோச்சிங் எந்த ஊர்ல நல்லாருக்குன்னு கேட்டு ஒரு அம்மா லெட்டர் போட்டிருக்காங்க, அவங்களுக்கு முதல்லயே சாரி சொல்லிடறேன், இது அந்தக் கோச்சிங் இல்லீங்க. வேலை செய்யற இடத்துல சூப்பர்வைசரோ டீம் லீடரோ தன் கீழ இருக்கறவங்ககிட்ட உக்காந்து பேசி, கேட்டு, வேலையில அவங்களுக்கு ஒரு பிடிப்பு வர வைக்கறாங்களே, அது. போன மாசம் இதைப் பத்தி ரெண்டே வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கல. நீளமா வந்ததைச் சுருக்கிப் போட்டிருக்கேன். யார் பேரும் போடல, போட்டா நாளைக்கு அவங்க வேலைக்குப் போக வேண்டாமா.

கேள்வி: அக்கா, அப்பா நடத்திட்டிருந்த பனியன் கம்பெனியை ரெண்டு வருசமா நான்தான் பார்த்துக்கறேன். 60 மெஷின் ஓடுது. யாருக்கும் வேலையில அக்கறையே இல்லக்கா, ஆல்ட்ரேஷன் பீஸ், அதான் திருப்பித் தைக்க வேண்டியது, மலை மாதிரி குவியுது, கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. மொத்தத்துல ஆட்டிட்யூட் சரியில்ல. ஒரு கன்சல்டன்ட் எல்லாரையும் ஏற்காடு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் கோச்சிங் குடுக்கறேங்கறார், தீ மேல எல்லாம் நடக்க வைப்பாராம். பண்ணலாமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, தீ மேல நடந்துட்டு வந்தா ஓவர்லாக் தையல் எப்படி நேராகும்னு எனக்குப் புரியல. ஏற்காடு நல்ல ஊரு, டூர் போகணும்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க, பாவம் அவங்களும் எங்க போறாங்க. ஆனா அதைக் கோச்சிங் கணக்குல எழுதாதீங்க.

உங்க லெட்டர்ல எனக்கு இடிக்கறது அந்த ‘ஆட்டிட்யூட்’டுங்கற வார்த்தைதான். அதை அடிச்சுட்டு, நீங்க கண்ணால பார்த்ததை மட்டும் எழுதிப் பாருங்க. மூணாவது லைன்ல ரிப் வெக்கற பொண்ணு மதியம் சாப்பிட்டு வந்தப்புறம் தெச்சதுல ஆல்ட்ரேஷன் ஜாஸ்தியா வருது. இப்படி எழுதினா அதை வெச்சு எதாவது பேசலாம். ‘உன் ஆட்டிட்யூட் சரியில்ல’ன்னு சொன்னா அந்தப் பொண்ணு என்னதான் பண்ணும், வீட்டுக்குப் போய் வேற ஆட்டிட்யூட் மாத்திக்கிட்டு வருமா? இது நானா சொல்றதில்ல. க்ளூகர், டினிசின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, வேலையைப் பத்தி ஒருத்தருக்குச் சொல்ற கருத்து என்ன பலன் குடுக்குதுன்னு அதுவரைக்கும் வந்த 600க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 1996ல வெளியிட்டாங்க. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல, சொன்னதுக்கப்புறம் வேலை இன்னும் மோசமாத்தான் போயிருக்கு. பேச்சு வேலையை விட்டுட்டு ஆள் மேல போகப் போக பலன் குறையுதுங்கறது அவங்க விளக்கம்.

என் கதை ஒண்ணு சொல்றேன், பெருமைப்படற கதை இல்ல. நான் அப்ப ஒரு பம்பு கம்பெனியில பர்சனல் டிபார்ட்மென்ட், சப்மர்சிபிள் மோட்டாருக்கு வைண்டிங் பண்றது பூரா பொம்பளைங்கதான், ஸ்டேட்டரோட (மோட்டார்ல சுத்தாம நிக்கற பாகம்) ஒவ்வொரு ஸ்லாட்டுலயும் ஒயரைக் கையாலயே கோத்துக் கோத்து இழுக்கணும், நாள் பூரா இழுத்தா விரல் காய்ச்சுப்போயிரும். வைண்டிங் முடிஞ்சதைத் தண்ணியில போட்டு மெக்கர்ங்கற இன்சுலேஷன் டெஸ்ட் மீட்டர் வெச்சுப் பார்ப்பாங்க, ஒயர் மேல இருக்கற இன்சுலேஷன்ல ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக் குடுத்துரும். ஒரு அக்காவோட ஸ்டேட்டர் மட்டும் வாரத்துக்கு நாலு அஞ்சு ஃபெயில். அவங்க பதினோரு வருசம் சர்வீஸ். சூப்பர்வைசர் ‘ரொம்ப அலட்சியம், திமிரு’ன்னு எழுதி அனுப்பினார், நானும் யோசிக்காம மெமோ டைப் பண்ணிட்டேன். குடுக்கப் போன அன்னிக்கு அவங்க பாதி ஸ்டேட்டர்ல இருந்தாங்க, சரி முடிக்கட்டும்னு பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன், சும்மா இருக்க முடியாம ‘இதுல எந்த இடத்துலங்க்கா கஷ்டம்?’னு கேட்டேன். அவங்க ஒண்ணுமே பேசல. என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சு அந்த ஸ்லாட் வாய்ல வெச்சு இழுத்தாங்க. பிளேடு மாதிரி இருந்துச்சு. புது லாட்ல வந்த ஸ்டேட்டர் தகடுல பிசிறு எடுக்காம விட்டிருக்காங்க, அந்த ராக்குல இருந்து எடுத்துக் குடுக்கறதெல்லாம் இவங்க டேபிளுக்குத்தான் வருது. ‘சொல்லலியாக்கா?’ன்னேன். ‘ரெண்டு தடவை சொன்னேன், உன் வேலையைப் பாருன்னாரு, அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது’ன்னாங்க.

தம்பி, அந்த ‘சொல்லி என்ன ஆகப்போகுது’ இருக்கு பாருங்க, உங்க 60 மெஷின்லயும் ஓடிட்டிருக்கறது அதுதான்னு நான் நினைக்கறேன். மூஞ்சியைத் திருப்பிக்கறதெல்லாம் அதோட வெளி வேஷம்.

என்ன பண்ணலாம்னா, முதல்ல இதைப் பண்ண வேண்டியது நீங்க இல்ல, உங்க லைன் சூப்பர்வைசர். ஓனர் பையன் வந்து பக்கத்துல உக்காந்தா எவளும் வாயைத் திறக்க மாட்டா. சூப்பர்வைசருக்கு வாரத்துக்கு ஒரு ஆளோட பத்து நிமிசம்னு பழக்குங்க, கேபினுக்குக் கூப்பிட வேண்டாம், கேபினுக்குக் கூப்பிட்டாலே திட்டத்தான்னு ஊருக்கே தெரியும், மெஷின்கிட்டயே ஒரு ஸ்டூல். சனிக்கிழமை வேண்டாம், அன்னிக்குச் சம்பளம், எல்லாருக்கும் மனசு கணக்குலதான் இருக்கும். இன்னொண்ணு, இதை எந்தக் கன்சல்டன்ட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்: பீஸ் ரேட்ல இருக்கறவங்களை பத்து நிமிசம் பேச வெச்சா அந்தப் பத்து நிமிசத்துப் பீஸு அவங்க கைக்காசு. அதைப் போட்டுக் குடுத்துருங்க. குடுக்காம நீங்க எவ்ளோ அன்பாப் பேசினாலும் அவங்க கண்ணு துணிக் கட்டு மேலதான் இருக்கும். ஒடிசா, பீகார் பசங்க இருந்தா அவங்க பாஷை பேசற ஒரு சீனியர் டெய்லரையே உக்கார வைங்க, நம்ம அரைகுறை ஹிந்தியில ‘கியா பிராப்ளம்’னு கேட்டா ‘குச் நஹி’ன்னுதான் வரும்.

கேட்டதுல ஒண்ணையாவது அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிக் காட்டணும். ஊசி மாத்திக் குடுக்கறதோ, டியூப் லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்கறதோ, எதுவோ. அதைப் பண்ணாட்டி கேக்காமயே இருந்திருக்கலாம்.

இது ஒண்ணும் புது வித்தை இல்ல. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்காவுல போர்ச் சாமான் உற்பத்தியைக் கூட்ட வேண்டியிருந்துச்சு, ஃபேக்டரிக்குள்ள புதுசா வந்தவங்கள்ல நிறையப் பேர் மெஷினே பார்க்காத ஆளுங்க. அவங்களைப் பழக்க 1940ல ஆரம்பிச்சதுதான் டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி)ங்கற அரசாங்கத் திட்டம், அதுல சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக் குடுத்த மூணு முக்கியமான விஷயம், வேலையை எப்படிக் கத்துக்குடுக்கறது, ஆளுங்களோட எப்படிப் பழகறது, வேலை செய்யற முறையை எப்படித் திருத்தறது. ஒருத்தர் மேல பிராது வந்தா அவங்க சொல்லிக்குடுத்த முதல் படியே, முழு விவரத்தையும் சேகரி, அந்த ஆளோட பேசுங்கறதுதான். போர் முடிஞ்சு அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரைக்கும் பரவுச்சு. நான் அந்த முதல் படியைத் தாண்டிக் குதிச்சு மெமோ டைப் பண்ணினவ.

கேள்வி: மேடம், நான் சென்னை ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனியில இருக்கேன், போன ஏப்ரல்ல டீம் லீட் ஆனேன். வாராவாரம் ஒவ்வொருத்தரோடவும் அரை மணி நேரம் ஒன்-ஆன்-ஒன் பண்ணணும்னு ஹெச்.ஆர். ஆர்டர். பண்றேன். ஆனா ‘ஹவ் ஆர் திங்ஸ்?’னா ‘ஆல் குட்’ங்கறாங்க, அப்புறம் ரெண்டு பேரும் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு இருக்கோம். இதுல எங்க கோச்சிங்? (ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்)

பதில்: ‘ஆல் குட்’டுன்னா ‘சீக்கிரம் முடிங்க சார், எனக்கு வேலை இருக்கு’ன்னு அர்த்தம். லீட் ஆகற வரைக்கும் அவங்களோட கேன்டீன்ல மேனேஜரைத் திட்டிட்டு இருந்தவர்தானே நீங்க? இப்ப அந்த நாற்காலியில நீங்க உக்காந்துட்டீங்க, அவங்களுக்கும் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

நீங்க பண்றது ஸ்டேட்டஸ் அப்டேட்டா இருக்கும்னு சந்தேகப்படறேன். டிக்கெட் என்னாச்சு, டெலிவரி என்னாச்சு, அதெல்லாம் காலையில நடக்கற மீட்டிங்லயே தெரிஞ்சுபோகுது, அதையே திரும்ப அரை மணி நேரம் கேட்டா அவன் என்ன பண்ணுவான். கோச்சிங்ல பேசற விஷயத்தை அவன் கொண்டு வரணும், நீங்க கொண்டு வரக்கூடாது.

எதைக் கேக்கறதுன்னு தெரியலைன்னா ஒரு பழைய வழி இருக்கு. டிமோதி கால்வேன்னு ஒரு அமெரிக்க டென்னிஸ் கோச், 1970கள்ல அவர் கண்டுபிடிச்சது, ‘மணிக்கட்டை இப்படித் திருப்பு, காலை அப்படி வை’ன்னு கத்திட்டே இருந்தா ஆட்டக்காரன் இறுகிப் போறான், பந்து எங்க குத்துது, மட்டையில எங்க படுதுன்னு அவனையே கவனிக்க வெச்சா தானா சரியாகுதுன்னு. அந்த யோசனையை இங்கிலாந்துல கார் ரேஸ் ஓட்டிட்டிருந்த ஜான் விட்மோரும் அவர் கூட்டாளிங்களும் கம்பெனிகளுக்குக் கொண்டு போனாங்க, அதுல வந்ததுதான் ‘க்ரோ’ங்கற முறை. நம்ம பாஷையில சொன்னா நாலே கேள்வி. எங்க போகணுங்கற? இப்ப எங்க நிக்கற? என்னென்ன வழி இருக்கு? இதுல எதை, எப்பப் பண்ணப் போற? அவ்ளோதான்.

ஆனா இதை மனப்பாடம் பண்ணி வரிசையா ஒப்பிச்சீங்கன்னா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு லீடு பொண்ணு பண்ணினதைச் சொல்றேன். அவ டீம்ல ஒரு பையன், எந்த மீட்டிங்லயும் வாயே திறக்க மாட்டான். அவ ‘ஏன் நீ பேசறதே இல்ல?’ன்னு கேக்கல. ‘நேத்து க்ளையன்ட் கால்ல உனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் வந்துச்சு, அப்ப என்ன நடந்துச்சு?’ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டா. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினாளாம், பதினாலு வந்துச்சாம். அப்புறம் அவன் சொல்லியிருக்கான், ‘நான் இங்கிலீஷ்ல வாக்கியத்தை மனசுக்குள்ள கட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த டாபிக் போயிடுதுக்கா.’ சரி என்ன பண்ணலாம்னு கேட்டதுக்கு அவனே சொன்னான், மீட்டிங்குக்கு முந்தின நாளே என்னென்ன பேசப் போறாங்கன்னு அனுப்பினா ரெண்டு பாயின்ட் எழுதி வெச்சுக்குவேன்னு. அவ அனுப்ப ஆரம்பிச்சா. இப்ப பேசறான், நிறையவே பேசறானாம், அது வேற தொல்லை.

‘ஏன்’னு ஆரம்பிச்சாலே நம்ம ஊர்ல அது கேள்வி இல்ல, குற்றச்சாட்டு. ‘ஏன் லேட்டு?’ன்னு அப்பா கேட்டே வளர்ந்தவங்க எல்லாரும். ‘என்ன’, ‘எப்படி’ன்னு ஆரம்பிங்க. பேசும்போது லேப்டாப்பை மூடி வைங்க, நீங்க டைப் பண்ற சத்தம் கேட்டா அவன் அப்ரைசலுக்குக் குறிப்பு எடுக்கறார்னுதான் நினைப்பான், நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். தள்ளி வைக்கலாம், ஆனா கேன்சல் பண்ணாதீங்க. கூகுள் 2008ல மேனேஜர்ங்கற ஆளே தேவையான்னு உள்ளுக்குள்ளயே ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, முடிவுல நல்ல மேனேஜரோட குணம்னு போட்ட லிஸ்டுல முதல் இடம் ‘நல்ல கோச்’சுக்குத்தான், டெக்னிக்கல் அறிவு கடைசியில இருந்துச்சு. கோடு நல்லா எழுதினதுக்காக லீட் ஆனவங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

கேள்வி: அக்கா, நான் ஒரு பெரிய துணிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன். காலையில 9 மணிக்கு நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கறதுதான். கஸ்டமர்கிட்ட நாங்க சிரிக்கறதே இல்லைன்னு மேனேஜர் ஒரு ட்ரெய்னரைக் கூட்டிட்டு வந்தார். எங்களைக் கை தட்ட வெச்சு, ‘நான் சந்தோசமா இருக்கேன்’னு பத்து தடவை கத்தச் சொன்னாரு. இதுதான் கோச்சிங்கா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: இல்ல கண்ணு. இது உன் காலுக்கு வந்த வலியை உன் வாயை வெச்சு மறைக்கற வேலை.

தமிழ்நாட்டுல 2021ல கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தாங்க, வேலை பார்க்கற எல்லாருக்கும் உக்கார இடம் குடுக்கணும், வேலை நேரம் பூரா நிக்க வெக்கக்கூடாதுன்னு. கேரளாவுல அதுக்கு மூணு வருசம் முன்னாடியே வந்துடுச்சு, அங்க துணிக்கடையில நின்ன பொம்பளைங்களே போராடி வாங்கினது அது. உங்க ஃப்ளோர்ல ஸ்டூல் இருக்கா? சில கடையில ஸ்டூல் இருக்கும், உக்காந்தா சிசிடிவியில பார்த்து போன் பண்ணுவாங்க, அது இருந்தும் இல்லாத மாதிரிதான். தனியாப் போய்க் கேக்காத, ஃப்ளோர்ல நாலஞ்சு பேர் சேர்ந்து போங்க, ‘கஸ்டமர் இல்லாதப்ப உக்காந்துக்கறோம் சார், வந்தா எந்திரிச்சுடறோம்’னு தன்மையாச் சொல்லுங்க. ஒத்து வரலைன்னா தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம்.

உன் மேனேஜர் இதைப் படிச்சார்னா அவருக்கும் ஒண்ணு: சார், ட்ரெய்னருக்குக் குடுத்த காசுல எத்தனை ஸ்டூல் வரும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்டூலைப் போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணுங்ககிட்டப் போய் ‘கஸ்டமர் எந்த இடத்துல புடவை எடுக்காமத் திரும்பிப் போறாங்க?’ன்னு கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும். பார்டர் பிடிச்சும் ப்ளவுஸ் பிட்டு கலர் பிடிக்காமப் போறாங்களா, பில் கவுன்ட்டர் கூட்டத்தைப் பார்த்துப் போறாங்களான்னு நாள் பூரா பார்த்துட்டு நிக்கறவங்க அவங்க.

கேள்வி: எனக்கு 52 வயசு, ஓசூர்ல மெஷின் ஷாப் சூப்பர்வைசர். 26 வயசுப் பையன் ஒருத்தன் கோச்சிங் சர்டிஃபிகேட்டோட வந்து எனக்குக் கோச்சாம். லேத் பக்கம் நின்னுகூடப் பார்க்காதவன். இதை விட அவமானம் உண்டா? (ஒரு வாசகர்)

பதில்: இருக்குங்கண்ணா, 26 வயசுப் பையன் உங்களுக்கு மேனேஜரா வர்றது. இவன் வெறும் கோச்சுதான், கேள்வி கேட்டுட்டுப் போயிருவான்.

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. அவனுக்கு லேத் தெரிய வேண்டியதில்ல, உங்களுக்குத் தெரியுமே. தெரியாதவன் கேக்கற கேள்வியில ஒரு வசதி என்னன்னா, நமக்குப் பழகிப்போய்க் கண்ணுல படாததை அவன் ‘இது ஏன் சார் இப்படி?’ன்னு கேட்டுத் தொலைப்பான். ஒரு தடவை ஷாப் ஃப்ளோர்ல ஒரு ஷிஃப்ட் பூரா உங்க கூட நிக்கச் சொல்லுங்க. நின்னான்னா அவன்கிட்டப் பேசலாம். ஏசி ரூமை விட்டு வர மாட்டேன்னா நீங்க சொல்றதுதான் சரி.

கேள்வி: எங்க கம்பெனியில ஆறு மாசமாக் கோச்சிங் நடக்குது. எம்.டி. ‘பலன் என்ன, நம்பர் காட்டு’ங்கறார். சர்வே எடுத்தா எல்லாரும் 5க்கு 5 போடறாங்க, ஆனா முன்னாடியை விடப் புகார் ஜாஸ்தியா வருது. எதை நம்பறது? (ஒரு ஹெச்.ஆர். வாசகி, கோவை)

பதில்: புகாரை நம்பும்மா. 5க்கு 5 போடறவங்க, யாரு போட்டதுன்னு கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்து போடறாங்க. புகார் ஏறுதுன்னா, சொன்னா எதாவது நடக்கும்னு நம்ப ஆரம்பிச்சிருக்காங்க. மூணு நாலு மாசம் அது ஏறிட்டு அப்புறம் இறங்கணும், இறங்கலைன்னா நீங்க கேட்டுட்டுச் சும்மா இருக்கீங்கன்னு அர்த்தம்.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. சிகாகோ பக்கத்துல சிசரோங்கற ஊர்ல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கோட ஹாத்தோர்ன் ஃபேக்டரி, டெலிபோன் சாமான் பண்ற இடம். 1924ல வெளிச்சத்தைக் கூட்டினா வேலை கூடுதான்னு பார்க்க ஆரம்பிச்சாங்க, கூட்டினாலும் கூடுச்சு, குறைச்சாலும் கூடுச்சு, ஆராய்ச்சி பண்ணினவங்களுக்குத் தலை சுத்திருச்சு. அதுல இருந்து நூல் பிடிச்சு 1928ல தொழிலாளிகளைப் பேட்டி எடுக்க ஆரம்பிச்சு 20,000 பேருக்கு மேல பேசினாங்க. முதல்ல கேள்வித்தாள் வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க, அவங்க கேட்டதை விட்டுட்டு வேற எதையோ பேசினாங்க, அப்புறம்தான் சரி, நீங்க பேசுங்க, நாங்க கேக்கறோம்னு மாத்தினாங்க. அதுவரைக்கும் நல்லா இருந்துச்சு. 1936ல இதையே நிரந்தரமாக்கி கவுன்சிலர்களை வேலைக்கு வெச்சாங்க, ஆனா அவங்க வேலை காது குடுக்கறது மட்டும், எதையும் மாத்தற அதிகாரம் கிடையாது. ஏறத்தாழ 20 வருசம் ஓடி நின்னுபோச்சு. கூலியைப் பத்திப் புலம்பினா ‘உங்க மனசு புரியுது’ன்னு சொல்லி அனுப்பினா எத்தனை நாளைக்கு வந்து புலம்புவாங்க.

எம்.டி.க்கு நம்பர்தான் வேணும்னா சம்பளத்துக்கு மறுநாள் எத்தனை பேர் லீவு, புதுசா சேர்ந்தவங்கள்ல மூணு மாசத்துக்குள்ள எத்தனை பேர் ஓடிட்டாங்க, ரீவொர்க் (திரும்பச் செய்ய வேண்டிவந்த வேலை) எவ்ளோ, இந்த மூணையும் கோச்சிங் நடக்கற லைன், நடக்காத லைன்னு பிரிச்சு வெச்சுக் காட்டும்மா. அப்புறம் ஒண்ணு, ஒருத்தர் தப்பா நடந்துக்கறார்னு எதாவது பொண்ணு புகார் குடுத்தா அதைக் கோச்சிங் பக்கம் தள்ளி விட்டுராத, பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துல, வேலை இடத்துல நடக்கற பாலியல் தொந்தரவைத் தடுக்கற 2013 சட்டப்படி அதுக்குன்னு உள் புகார் கமிட்டி இருக்கணும், அங்கதான் போகணும். ‘அவருக்குக் கோச்சிங் குடுத்து சரி பண்ணிக்கறோம்’னு மூடி மறைச்சதை நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்களே மேடம், உங்களுக்கு யாராவது கோச்சிங் பண்ணியிருக்காங்களா? (ஒரு வாசகி, பொள்ளாச்சி)

பதில்: முதல் வேலை செக்கிங் டேபிள், 19 வயசு. அங்க ஒரு ஃபோர்மேன், வெத்தலை போட்ட வாயி, அதிகம் பேச மாட்டார். சேர்ந்த மூணாவது நாள் ஒரு பம்பு பாகத்தை என் முன்னாடி வெச்சு ‘இதுல என்ன தப்பு?’ன்னு கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். நான் திருப்பித் திருப்பிப் பார்க்கறேன், கேஜ் வெச்சுப் பார்க்கறேன், துடைச்சுட்டுப் பார்க்கறேன், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கறேன், வேர்த்து ஊத்துது. இருபது நிமிசம் கழிச்சு வந்தார். எச்சிலை முழுங்கிட்டு ‘ஒண்ணும் தப்பு இல்லீங்க சார்’னேன்.

‘ஆமா, இல்ல. அதைச் சொல்றதுக்கு உனக்கு ஏன் இருபது நிமிசம்?’ன்னு கேட்டுட்டு அடுத்த பீஸை எடுத்து வெச்சார்.